கையளவு சத்தம்

பங்குனி பிறந்துவிட்டால், திருச்சிப் பக்கமிருந்து நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கீரனூரைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்தில் இன்றிரவு எந்த ஊரில் கச்சேரி என்று தெரிந்துகொள்ள நோட்டீஸைத் தேட வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நின்றால் காற்றே சொல்லிவிடும். மைக் செட், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகள், நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் பேஸ் என்று கச்சேரியின் உருவமே நம் மனத்தில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த காதுக்கு, உலகமெங்கும் மைதானங்களை நிரப்பிய ஒரு ராக் குழு, தன் மின்கிடார்களை ஓரமாக வைத்துவிட்டு மரக்கிடார்களோடு ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவது விளங்காத காரியமாகத் தோன்றலாம். வயதாகிவிட்டது, தெம்பு போய்விட்டது, அதனால் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. சத்தத்தின் அளவை இயந்திரத்திடமிருந்து வாங்கி, வாசிக்கிறவரின் கையில் மறுபடி ஒப்படைக்கிறார்கள். அக்கூஸ்டிக் கச்சேரி என்று ஆங்கிலத்தில் வழங்குவதன் பொருள் இதுதான் என்பது என் கருத்து. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய புதுக்கோட்டைச் சீமையில் வாழ்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

முதலில் கன்ட்ரி ராக் என்ன என்று பார்த்துவிடலாம். கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்பகுதியின் மலையடிவாரங்களிலும் பண்ணைகளிலும் வளர்ந்த நாட்டுப்பாட்டு. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்த வயலின், ஸ்பெயின் வழிவந்த கிடார், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவண்ணமான பான்ஜோ ஆகியவை அதில் சேர்ந்தன. பான்ஜோவைக் கவனித்துப் பார்த்தால் வளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய ஒரு பறைதான் அது. அதற்கு ஒரு கழுத்தும் சில தந்திகளும் சேர்த்திருக்கிறார்கள். 1927-ல் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் ரால்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து தங்கி, கார்ட்டர் குடும்பத்தாரையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். வீட்டுத் திண்ணையில் பாடிக்கொண்டிருந்த இசை இசைத்தட்டுச் சந்தைக்குள் நுழைந்தது அதன்பின்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து, ராக் இசையில் ஊறிய நகரத்து இளைஞர்கள் அதே பாட்டை மின்கிடாரோடும் டிரம்ஸோடும் கலந்தார்கள். 1968-ல் பேர்ட்ஸ் குழு, கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு வெளியிட்ட இசைத்தட்டை இந்தக் கலப்பின் தலைப்பிள்ளை என்று சொல்வது வழக்கம். 1971-ல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான ஈகிள்ஸ் குழு அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அவர்களின் முதல் நான்கு இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி 1976-ல் வந்த ஒரே தொகுப்பு, அமெரிக்காவில் மட்டும் 3 கோடியே 80 லட்சம் என்ற கணக்கைத் தொட்டதாக 2018-ல் அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் சான்றளித்தது.

இந்த இசைக்கு மின்சாரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கிடார் சிறிய வாய் கொண்ட கருவி. நடனக் கூடத்தில் நூறு ஜோடிக் கால்கள் தட்டும்போது, டிரம்பெட் முழங்கும்போது அது காணாமல் போய்விடும். அதற்காகத்தான் 1920-களில் கிடாருக்குள் உலோகக் கூம்பு வைத்துப் பார்த்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் காந்தச் சுருளால் தந்தியின் அதிர்வைப் பிடித்து மின்சாரத்தில் பெருக்கும் கிடாரைக் கொண்டுவந்தது. தேவையிலிருந்து பிறந்த கருவி அது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வெறுமனே சத்தத்தைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. மரக்கிடாரில் தந்தியை மீட்டிய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்குகிறது. மின்கிடாரில் அதே ஒலியை வேண்டுமட்டும் இழுக்கலாம், கரகரப்பாக்கலாம், அழவிடலாம். கார்வை, அதாவது ஒரு சுரத்தில் நின்று நீடிப்பது, விரலின் வேலையாக இருந்தது போய் ஆம்ப்ளிஃபையரின் வேலையும் ஆயிற்று. அதுவும் ஒரு கலைதான். ஆனால் அதற்குப் பழகிய கை, மரக்கிடாரை எடுக்கும்போது தன் பலவீனங்கள் அத்தனையையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்துகொண்டிருக்கும் ஒலியின் மேல் அடுத்த ஒலியை எப்போது வைப்பது என்ற கணக்கில் சறுக்கினால் மறைக்கத் துணியில்லை.

ஈகிள்ஸ் குழு 1980-ல் சண்டையில் கலைந்தது. மறுபடி சேர்வீர்களா என்று கேட்டவர்களுக்கு, நரகம் பனியாய் உறையும்போது சேர்வோம் என்ற பொருளில் குழுவின் டான் ஹென்லி பதில் சொல்லிவந்தார். 14 ஆண்டுகள் கழித்து 1994-ல் எம்.டி.வி. தொலைக்காட்சிக்காக ஒரு படப்பிடிப்புத் தளத்தில், சிறிய கூட்டத்தின் முன்னால் அவர்கள் ஒன்றுசேர்ந்தபோது, அந்தப் பதிலையே நிகழ்ச்சிக்குப் பெயராக வைத்தார்கள். அந்த மேடையில் 'ஹோட்டல் கலிபோர்னியா' பாட்டுக்கு அவர்கள் செய்ததுதான் என் வாதத்துக்கு முதல் சாட்சி. 1976-ன் மூலப்பதிவில் அந்தப் பாட்டின் பெருமையே கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மின்கிடார்களில் ஒருவரையொருவர் தொடர்ந்து வாசிக்கும் நீண்ட பகுதி. அந்தப் பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு எப்படிப் பாடுவது? ஃபெல்டர் நைலான் தந்திக் கிடாரில், ஸ்பானிய வாடையடிக்கும் ஒரு புதிய முன்னுரையை வாசித்தார். கூடவே கையால் தட்டும் தாளக் கருவிகள். எந்தப் பாட்டு என்று கூட்டத்துக்குச் சிறிது நேரம் பிடிபடவில்லை. பழகிய சுரக்கட்டு தலைகாட்டிய கணத்தில் எழும் ஆரவாரம் பதிவிலேயே கேட்கிறது. நம் கச்சேரிகளில் ஆலாபனை தொடங்கி, ராகம் இன்னதென்று பிடிபட்டதும் சபையில் ஒரு அசைவு தெரியுமே, அதற்கு நெருங்கிய அனுபவம் இது. பதினெட்டு ஆண்டுகளாக எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டை, கூட்டம் மறுபடி காது கொடுத்துத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் வரும் அந்த இரட்டைக் கிடார்ப் பகுதியும் மரக்கிடாரில் வருகிறது: தந்தியில் விரல் உராயும் ஒலி, மரப்பெட்டியின் முனகல் எல்லாம் சேர்ந்து.

இந்தக் குழுவின் இன்னொரு பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய மைதானக் கச்சேரிகள் நடத்திய காலத்திலேயே, மேடை ஏறுவதற்கு முன் விளையாட்டு வீரர்கள் குளிக்கும் அறைக்குள் போய், அதன் எதிரொலியில் 'செவன் பிரிட்ஜஸ் ரோடு' என்ற பாட்டை ஐந்து பேரும் கலந்து பாடிக் குரலைச் சேர்த்துக்கொள்வார்களாம். வெளியே ஆயிரக்கணக்கான வாட் காத்திருக்க, குழுவின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் தினமும் தேடிப் பார்த்தது கருவியே இல்லாத ஓர் அறையில்.

1966-ல் கலிபோர்னியாவில் தோன்றிய நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் இதைவிட ஒரு படி மேலே போனது. 1971 ஆகஸ்டில் நீண்ட முடியோடு நாஷ்வில் நகருக்குப் போன அந்த இளைஞர்கள், மேபெல் கார்ட்டர், ஏர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், ராய் ஏகஃப் போன்ற மூத்தவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்களோடு மரக்கருவிகளில் வாசித்தார்கள். இரண்டே தடம் கொண்ட நாடாவில் நேரடிப் பதிவு. பிறகு வெட்டி ஒட்டும் வசதி இல்லை. அடுத்த ஆண்டு அது மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. 1927-ல் பிரிஸ்டலில் பாடிய அதே மேபெல் கார்ட்டர் அதில் இருக்கிறார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வியட்நாம் போரால் அமெரிக்க வீடுகளில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளாமல் இருந்த காலம் அது. அன்று முடி வளர்த்த பிள்ளைகளும் பழைய ஊர்க்காரர்களும் ஓர் அறையில் கூடி வாசிக்க முடிந்தது, எல்லாருடைய சத்தமும் ஒரே அளவில் இருந்ததால்தான். ஓர் ஆம்ப்ளிஃபையர் உள்ளே வந்திருந்தால் கிழவியின் கிடார் காணாமல் போயிருக்கும். அந்தக் குழு 2024-ல்தான் தன் விடைபெறும் பயணத்தைத் தொடங்கியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 1989-ல் தொடங்கிய எம்.டி.வி.யின் அன்பிளக்டு நிகழ்ச்சியாகட்டும், ஈகிள்ஸின் மேடையாகட்டும், ஒவ்வொரு கருவியின் முன்னாலும் மைக் இருந்தது; ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் இருந்தார்கள்; டிக்கெட் விலையும் குறைவில்லை. 1994-ன் ஈகிள்ஸ் பயணத்தில் டிக்கெட் 100 டாலரைத் தாண்டியது அன்றைக்குப் பெரிய பேச்சாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கியதாகச் சொல்வது வெறும் விளம்பரம்தானே என்று கேட்கலாம். கேள்வியின் முதல் பாதி சரி. மின்சாரமே இல்லாத கச்சேரி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் மைக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. இங்கே பிறந்த ஒலியை அங்கே இருப்பவரிடம் எடுத்துப்போவது ஒன்று. இங்கே பிறக்காத ஒலியை அங்கே உண்டாக்குவது இன்னொன்று. முதலாவது தபால்காரரின் வேலை. இரண்டாவதில் தபால்காரரே கடிதத்தையும் எழுதிவிடுகிறார். அக்கூஸ்டிக் மேடையில் மைக்குக்கு முதல் வேலையை மட்டும் கொடுக்கிறார்கள். டிக்கெட் விலையைப் பற்றிய குறை நியாயமானதே. விலை கூடியதால் கிடாரின் ஒலி பொய்யாகிவிடாது என்பது மட்டும்தான் அதற்கு என் பதில்.

இது வயதானவர்களின் ஓய்வுக்கால ஆசை என்று சொல்பவர்களுக்கு, தமிழர்கள் நேரடியாகப் பங்கெடுத்த ஒரு சம்பவத்தைக் காட்டலாம். ஜான் மெக்லாலின் 1970-களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில், அந்தக் காலத்தின் மிக வேகமான, மிகச் சத்தமான மின்கிடார் வாசிப்பாளர்களில் ஒருவராக இருந்தார். 33 வயதில், புகழின் உச்சியில், அந்தச் சத்தத்தை விட்டு இறங்கினார். வயலின் எல். சங்கர், தபேலா ஜாகீர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன் ஆகியோரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தனக்கென்று கிப்சன் நிறுவனம் செய்துகொடுத்த மரக்கிடாரை வாசித்தார். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வாசித்ததுதான் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு. மண்பானையும் தபேலாவும் மிருதங்கமும் பேசிக்கொள்ளும் இடத்தில் மின்கிடாரோடு நுழைவது, மூன்று பேர் பேசும் திண்ணைக்கு லாரி ஹாரனைக் கொண்டுபோவது போலாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து இதே குழு மறுபடி கூடியபோது, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து சேர்ந்தார். அப்போது மெக்லாலின் கையில் இருந்தது மின்கிடார்! ஆனால் அதன் சத்தத்தைக் கஞ்சிராவின் அளவுக்குள் அடக்கியே வாசித்தார். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, யார் அளவுக்கு யார் இறங்கி வருகிறார்கள் என்பதுதான் விஷயம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 2024-ல் அந்தக் குழுவுக்கு கிராமி விருது கிடைத்தது.

அந்தக் கஞ்சிரா நம்முடையது. பலாமரத்தில் கடைந்த ஒரு சாண் வளையம், ஒரு பக்கம் மரபுப்படி உடும்புத் தோல், விளிம்பில் ஒரு ஜோடிச் சில்லு: இவ்வளவுதான் கருவி. பஜனைகளில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கு வேலை பார்த்தவர் என்றும், மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். தவில் ஊரையே எழுப்பும் கருவி. அதில் கற்ற கணக்குகளை அவர் உள்ளங்கை அகலத் தோலுக்கு மாற்றியதுதான் அதிசயம். அவர் வழியில் வந்த தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளை புதுக்கோட்டை பாணியைத் தென்னாடு முழுக்கக் கொண்டுபோனார். இந்தப் பாணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கணக்கையும் குமுக்கியையும்தான் பேசுகிறார்கள். குமுக்கி என்பது தோலைக் கையால் அழுத்தி ஒலியை வளைப்பது; காது கொடுத்தால்தான் கிடைக்கும் ஒலி. சத்தம் எவ்வளவு என்பதை எவரும் அளவுகோலாக வைத்ததில்லை.

மைக்குக்கு எதிராக இதையெல்லாம் அடுக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மைக் வருவதற்கு முந்தைய காலம் பொற்காலமாக இருக்கவில்லை. நாடக மேடையிலும் கச்சேரியிலும் கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமானால் ஐந்து கட்டையில் பாட வேண்டியிருந்தது. 1933-ல் 27 வயதில் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவைப் போன்ற உச்சஸ்தாயிக் குரல்களே அன்று மேடையை ஆண்டன. மெல்லிய குரல், கீழ்ஸ்தாயிக் குரல், அப்படி ஓங்கிப் பாடப் பழக்கப்படாத பெண்களின் குரல் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தது மைக்தான். கோயில் மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது அதுதான். ஒலிபெருக்கி ஒரு காலத்தில் சமத்துவக் கருவி. ஆகவே மைக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது ரசிகர்களுக்கு மட்டும் பாடுவதே தூய்மை என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. இன்று நம் ஊர் மேடைகளில் நடப்பதோ அந்தச் சமத்துவத்துக்கு நேர்மாறானது. கீபோர்டும் ரிதம் பேடும் பெட்டிகளை நிறைத்துவிட, பாடுகிறவர் அவற்றோடு போட்டியிட்டுக் கத்துகிறார். மெல்லிய குரலுக்கு வழி திறந்த கருவியே அதை மூடவும் செய்கிறது. 2018-ல் சூப்பர் சிங்கர் பட்டம் வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் செந்தில் கணேஷும், அவரோடு பாடிய ராஜலட்சுமியும் உலகத் தமிழர்களின் வீடுகளுக்குள் நுழைந்தது சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்ட குரலால்தான்.

கீரனூர்க்காரர் ஒருவர் கேட்கக்கூடிய வலுவான கேள்வி இன்னொன்று உண்டு. நம் கிராம இசை எப்போது மெல்லியதாக இருந்தது? பறையும் உருமியும் தவிலும் நாயனமும் மைல் கணக்கில் கேட்பவை ஆயிற்றே, அவற்றிடம் போய்ச் சத்தத்தைக் குறை என்பது மேட்டுக்குடிக் காதின் பேச்சல்லவா? கேள்வி சரியானது. பறையைத் தாழ்த்திப் பேசியவர்கள் அதைச் 'சத்தம்' என்று ஒதுக்கியே தாழ்த்தினார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் அக்கூஸ்டிக் என்ற சொல்லுக்கு மெல்லியது என்று பொருள் கொள்ளக் கூடாது என்கிறேன். தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய பறையின் முழக்கம் முழுக்க முழுக்கத் தோலும் கையும் உண்டாக்கியது. ஆகவே அது அசல் அக்கூஸ்டிக் இசை. திறந்தவெளிக்கென்றே அமைந்த அந்தக் கருவிகளுக்கும் இன்று ஒட்டி மைக் வைத்துப் பெட்டியில் அதிரவிடுகிறார்கள். உருமியின் உறுமலும், நையாண்டி மேளத்தில் பம்பைக்கும் தவிலுக்கும் நடக்கும் கேள்வி பதிலும் ஒரே இடியாகக் கலந்துவிடுகின்றன. கலைஞரின் கைவேலை கேட்காமல் போவது மேட்டுக்குடிக்கு நஷ்டமில்லை. நஷ்டம் அந்தக் கலைஞருக்கு. 2000-ல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பும் சொல்கின்றன. சட்டம் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைப் பற்றியது. என் கவலை பம்பைக்காரரின் இடது கையைப் பற்றியது.

சிறிய ஒலிவேறுபாட்டுக்கு மதிப்புக் கொடுப்பது இந்த மண்ணுக்கு வெளியூர்ச் சரக்கில்லை என்பதற்குக் குடுமியான்மலைக்குப் போனால் போதும். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டின் எழுத்தில், 38 வரிகளில், ஏழு பிரிவுகளாகச் சுரங்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒரே சுரம் அ, இ, உ, எ என்ற வெவ்வேறு உயிரொலிகளோடு மாறி மாறி வருகிறது. அது சுருதி நுட்பத்தைக் குறிக்கிறது என்பாரும், வீணையில் விரல் செல்லும் முறையைக் குறிக்கிறது என்பாரும் உண்டு. எதுவானாலும், 'ர'வுக்கும் 'ரி'க்கும் இடையிலான வேறுபாட்டைக் கருங்கல்லில் உளியால் செதுக்கும் அளவுக்கு யாரோ முக்கியமாக நினைத்திருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்று கல்வெட்டின் முடிவே சொல்கிறது.

ஆகவே திருவிழாவின் பத்து நாளில் ஒரு நாள் மாலை, ஆடல் பாடல் மேடைக்கு முன்பாக, ஒரு மணி நேரம் இப்படி ஒரு கச்சேரி வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. கோயில் மண்டபம் போதும். கல் தூண்கள் ஒலியைத் திருப்பிக் கொடுக்கும். கிராமியக் குழுவில் மூத்த பாடகர் ஒருவர், ஒரு டோலக், ஒரு கஞ்சிரா. கூட்டம் இருநூறைத் தாண்டினால் தபால்காரர் வேலைக்கு இரண்டு மைக். கஞ்சிரா வாசிக்கிறவருக்குச் சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும்; அந்தக் கருவிக்கு ஆணியோ திருகோ இல்லை, வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். அவர் உள்பக்கம் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். போதவில்லை என்றால் இன்னும் ஒரு துளி. அந்தத் தோல் இறங்கும்வரை பாடகரும் காத்திருப்பார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள்.